இதயச் சோதனையும் செவிலியர் தொண்டும்

விவேக் நகரில் குழந்தை இயேசு ஆலயத்தின் முன் வியாழக்கிழமைதோறும் திரளும் மக்களைக் காணாதார் இலர். அதே காலை வேளையில் நம் நகரத்து மருத்துவமனைகளின் புறநோயாளர் பகுதிகளில் மற்றொரு கூட்டமும் கூடுகின்றது. கையில் பழைய சீட்டுகள் அடங்கிய பை, காலில் மகனிடம் இரவல் வாங்கிய கான்வாஸ் காலணி, முகத்தில் கலக்கம். இவற்றைக் கொண்டே இவர் டி.எம்.டி. சோதனைக்கு வந்தவர் என்று நாம் கண்டுகொள்ளலாம். ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரம் முதலிய சுற்றுப்புறங்களில் நாற்பதைக் கடந்த நம்மவர் வீடுகளில் இச்சொல்லை அறியாத வீடு இன்று அரிது.

நம் சங்கத்து மலர்களில் மன்னர் வரலாறும் புலவர் வரலாறும் நிரம்ப வந்துள்ளன. இவ்வாண்டு அச்சோதனை அறையில் ஓடும் பட்டையின் அருகே, ஒரு கையில் இரத்த அழுத்தமானியின் குமிழும் மறு கையில் நோயாளரின் மணிக்கட்டுமாக நிற்கும் செவிலியரின் வரலாற்றை எழுத விழைந்தோம். நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். இரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதுகின்றவர். படித்தும் கேட்டும் அறிந்தவற்றோடு, நம் தோழர் ஒருவர்க்கு நேர்ந்ததையும் சேர்த்துக் கூறுவோம்.

இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் வரைந்து காட்டும் கலை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. சாவகத் தீவின் செமாராங் நகரில் 1860இல் பிறந்து, ஆலந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் விளங்கிய வில்லெம் ஐந்தோவன் என்பார், நுண்ணிய இழை ஒன்றைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு அக்கருவியை அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். அதனை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளர் தம் கைகளையும் காலையும் உப்புநீர் நிறைந்த தொட்டிகளில் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். இன்று ஈ.சி.ஜி. என்று நாம் வழங்கும் எளிய சோதனையின் மூலம் இதுவே. ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் ஒரு குறை நின்றது. இதயக் குழாய் ஓரளவு அடைபட்டிருந்தாலும், படுத்திருக்கும் மனிதனின் வரைபடம் பழுதின்றித் தோன்றக்கூடும். மாடி ஏறும்போதும் பேருந்தைப் பிடிக்க ஓடும்போதும் வருகின்ற நெஞ்சுவலி, மருத்துவர் முன் அமர்ந்தவுடன் மறைந்துவிடுகிறது. நின்ற வண்டியை நோக்கி அதன் எஞ்சினின் வலிமையை அளக்கலாகுமா? பாரம் ஏற்றி மேட்டில் இழுக்கச் செய்தால் அன்றோ உண்மை புலனாகும்!

இக்கருத்தை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து மருத்துவர்களாகிய ஃபைல், சீகல் ஆகிய இருவர் 1928இல் செயற்படுத்தினர். நெஞ்சுவலி உடையோரைப் படுத்தும் எழுந்தும் பயிற்சி செய்வித்து, வலி தோன்றும் வேளையில் வரைபடம் மாறுவதைக் கண்டனர். அடுத்த ஆண்டில் நியூயார்க்கின் ஆர்தர் மாஸ்டர், ஓப்பன்ஹைமர் என்பாருடன் சேர்ந்து ஒன்பது அங்குல உயரமுள்ள இரண்டு படிகளை அமைத்து, நோயாளரை ஏறி இறங்கச் செய்து, நாடியும் இரத்த அழுத்தமும் எவ்வாறு மாறுகின்றன என அளந்தார். ஈ.சி.ஜி. பின்னர் அதனோடு சேர்ந்தது. இருபடிச் சோதனை என அது பல்லாண்டு உலகெங்கும் வழங்கியது.

டிரெட்மில் என்னும் ஓடுபட்டையின் முற்பிறப்பு வேறு. 1818ஆம் ஆண்டளவில் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் சிறைக் கைதிகளை ஓயாது மிதிக்கச் செய்ய ஒரு படிச்சக்கரம் அமைத்தார். அதற்கே அப்பெயர் முதலில் வழங்கியது. தண்டனைக் கருவியின் பெயர் பிற்காலத்தில் நோய் காணும் கருவிக்கு அமைந்ததைப் பாருங்கள்! வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேய்ன் குவிண்டன் என்னும் பொறியாளர் மருத்துவத்திற்கு ஏற்ற ஓடுபட்டையை 1950களில் செய்தளித்தார். அங்குப் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் புரூஸ், 1963இல் இன்றளவும் வழங்கும் படிநிலை முறையை வகுத்தார். மூன்று நிமிடத்திற்கு ஒரு நிலை. முதல் நிலையில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், நூற்றுக்குப் பத்து ஏற்றம், இரண்டாம் நிலையில் 4 கிலோமீட்டர், பன்னிரண்டு ஏற்றம், மூன்றாவதில் 5.5 கிலோமீட்டர், பதினான்கு ஏற்றம். மேலும் இவ்வாறே உயரும்.

இரயில்வேக்காரராகிய நமக்கு இக்கணக்கு வியப்பளித்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் பற்சக்கரப் பாதையின் கடும் ஏற்றமே ஏறத்தாழப் பன்னிரண்டுக்கு ஒன்றுதான். புரூசு வகுத்த முதல் நிலையோ பத்துக்கு ஒன்று! நீலகிரி வண்டிக்குப் பற்சக்கரம் உண்டு. நோயாளர்க்கு அவருடைய இரு கால்களே உண்டு.

இனிச் செவிலியரைக் காண்போம். செவிலி என்பது புதுச் சொல் அன்று. பழந்தமிழ் அகப்பாடல்களில் தலைவியை வளர்க்கும் தாய் செவிலித்தாய். பெற்ற தாய்க்கும் முன்னே மகளின் மேனி வேறுபாட்டைக் கண்டு ஐயுறுகின்றவள் அவள். நோயாளர் வாய்திறவாத போதும் அவர் மேனியை நோக்கி உள்ளதை உணர்கின்றவர்க்கு இப்பெயரைச் சூட்டிய தமிழறிஞர் யாவராயினும் நன்றே செய்தார் என்பது நம் எண்ணம். மக்கள் நாவில் இன்றும் சிஸ்டர் என்பதே வழங்குகிறது, அதுவும் உறவுப்பெயரே.

நம் நாட்டில் செவிலியர் பயிற்சி 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் செவிலியர் பள்ளி கண்டார். அது 1946இல் பட்டக் கல்லூரியாக உயர்ந்தது. சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கான சட்டம் 1926இலும், இந்தியா முழுமைக்குமான செவிலியர் மன்றச் சட்டம் 1947இலும் வந்தன. பெங்களூரில் நல்லாயன் சபைக் கன்னியர் 1886இல் நிறுவிய செயின்ட் மார்த்தா மருத்துவமனை பழமையானது. நம் விவேக் நகரின் அருகே காம்பெல் சாலையில் உள்ள செயின்ட் பிலோமினா மருத்துவமனையை நம் பகுதித் தாய்மார்க்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை.

எனினும், நெடுங்காலம் செவிலியர்க்கு விதிக்கப்பட்டது ஏவல் செய்யும் பணியே. காய்ச்சல் அளப்பார், மருந்து கொடுப்பார், மாறுதல் கண்டால் மருத்துவரை அழைப்பார். தாமே ஒன்றை முடிவு செய்தல் ஆகாது. இந்நிலையை உடைத்தது இதய மருத்துவமே. 1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சார்ந்த மூவர், நின்றுபோன இதயத்தை மார்பின் மேல் அழுத்தியே இயக்கும் முறையை வெளியிட்டனர். மின்னதிர்ச்சியால் இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் கருவியும் அக்காலத்தில் செம்மையுற்றது. ஆனால் இதயம் நின்றபின் மூளை தாங்குவது சில நிமிடங்களே. மருத்துவர் தம் அறையிலிருந்து ஓடிவருமுன் காலம் கடந்துவிடும்.

1962இல் கான்சாஸ் நகரத்துப் பெதனி மருத்துவமனையில் ஹியூஸ் டே என்பார் மாரடைப்பு நோயாளர்க்கெனத் தனிப் பிரிவு ஒன்றை அமைத்தார். அதே காலத்தில் பிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்சர் என்னும் மருத்துவரும், ரோஸ் பின்னியோ என்னும் செவிலியரும் ஒரு துணிவான முடிவுக்கு வந்தனர்: இதய வரைபடத்தைப் படிக்கவும், பிறழ்ந்த துடிப்பை இனங்காணவும், மருத்துவர் வரும்வரை காத்திராது மின்னதிர்ச்சி தரவும் செவிலியர்க்கே பயிற்சி அளிக்க வேண்டும் என்பது அது. அவர்கள் செவிலியர்க்கென எழுதிய கையேடு 1965இல் வெளிவந்தது. படுக்கையருகே இருப்பவரே முதலில் செயற்பட வேண்டும் என்னும் கொள்கை அவ்வாறு வேரூன்றியது. வாசிக்க எளிதாயினும், மருத்துவர் கையிலிருந்த அதிகாரத்தில் ஒரு கூறு அன்று வெள்ளுடைப் பெண்கள் கைக்கு மாறியது. இந்நூற்றாண்டுப் போர்களைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் இதற்கு ஒரு வரியேனும் ஒதுக்கினாரா என்று நாம் அறியோம்.

அக்கொள்கையே பின்னர்ப் புறநோயாளர் பகுதியின் சோதனை அறைக்கும் வந்தது. அங்கு அபாயம் இல்லையோ எனின், உண்டு, ஆனால் சிறிது. 1971இல் ரோக்மிஸ், பிளாக்பர்ன் என்னும் இருவர் 73 மருத்துவ நிலையங்களில் நடந்த ஏறத்தாழ 1,70,000 சோதனைகளை ஆராய்ந்து, பதினாயிரம் சோதனைக்கு ஓர் இறப்பு என்ற அளவில் கணக்கிட்டனர். பின்னாளில் தேர்வும் கண்காணிப்பும் மேம்பட்டன. முறையான பயிற்சி பெற்ற செவிலியர் முதலியோர், மருத்துவர் உடனடியாக வரக்கூடிய அண்மையில் இருக்க, இச்சோதனையைத் தாமே நடத்தலாம் என அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் அறிக்கை வெளியிட்டது. நம் நாட்டிலோ பெரும்பாலும் மருத்துவர் பொறுப்பில் தொழில்நுட்பர் பொறியை இயக்க, செவிலியர் நோயாளரைக் காக்கின்றார். சில இடங்களில் செலவு கருதிச் செவிலியரை அவ்வறையில் நிறுத்துவதே இல்லை என்று கேள்வியுற்றோம். இது சிக்கனம் அன்று.

நம் தோழர் கதையை இனிக் கூறுவோம். அவர் வண்டி ஓட்டுநர், வயது 52. பெயரும் ஊரும் வேண்டா. மருத்துவ வகையில் வழுவினால் வண்டியை விட்டு இறக்கி அலுவலகத்தில் அமர்த்துவர் என்பது இரயில்வேயில் அனைவரும் அறிந்தது. சம்பளம் காக்கப்படும், ஆனால் மைலேஜ் என்று நாங்கள் வழங்கும் ஓட்டப்படி போய்விடும். அவருக்கோ மகள் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டுக் கடனும் இருந்தது. படியேறுகையில் இடத் தாடையில் வலி தோன்றுவதை ஆறு மாதமாக மனைவியிடமும் சொல்லாது மறைத்து வந்தார். மருத்துவர் கேட்டபோது, “ஒண்ணுமில்லீங்க, வாயுதான்” என்றார். சோதனைக்கு எழுதினார்கள்.

அன்று அவ்வறையில் இருந்த செவிலியர் மலையாள நாட்டுப் பெண். இருபத்தைந்து வயது இருக்கலாம் என்பார் நம் தோழர். அவர் முதலில் பல வினாக்கள் கேட்டார். காலையில் என்ன உண்டீர்? எப்போது? எந்தெந்த மாத்திரை? அன்று காலை விழுங்கியது எது? துடிப்பைத் தணிக்கும் சில மாத்திரைகள் இதயத்தை வேகமெடுக்க விடா. அதனால் நோய் மறைந்து நிற்கும். ஆகவே அவற்றை நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லுவார். நோயாளர் தாமே நிறுத்துதல் கேடு. பின்னர் மார்பு மயிரை மழித்து, சாராயம் தோய்ந்த பஞ்சால் துடைத்து, தோலைச் சிறிது உரசி, மின்வாய்களை ஒட்டினார். ஓடும் மனிதனின் கைகால்களில் கம்பிகளைக் கட்டினால் வரைபடம் கலங்கிவிடும் ஆகலின், மேசன், லைக்கர் என்னும் இருவர் 1966இல் கூறியபடி கைகால்களுக்குரிய மின்வாய்களையும் உடம்பின் நடுப்பகுதியிலேயே ஒட்டுகின்றனர். தோலைச் சரிவரத் துடையாமல் ஒட்டினால் வியர்வையில் அவை நழுவும். அப்போது வரும் கோணல் கோட்டைக் கண்டு இல்லாத நோயை உண்டென்பாரும் உளர். எளிய வேலை என்று நாம் கருதும் அத்துடைப்பில் சோதனையின் பாதி அடங்கியிருக்கிறது.

பட்டை ஓடத் தொடங்கியது. நம் தோழர் முன்கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார். “அண்ணா, கம்பியைப் பிடிக்காதீங்க, விரலை மட்டும் வைங்க” என்றார் அவர். கம்பியைப் பற்றித் தொங்கினால் உடலின் பாரம் குறையும், அளவு பொய்யாகும். 220இலிருந்து வயதைக் கழித்து வருவது ஒருவர் எட்டக்கூடிய மிகுதியான இதயத் துடிப்பு என்பது பொதுக் கணக்கு. அதில் நூற்றுக்கு 85 எட்டினால் சோதனைக்குப் போதும் என்பர். 52 வயதினர்க்கு அது 143. நம் தோழரும் இக்கணக்கைக் கேட்டறிந்து, அதுவரை பல்லைக் கடித்துத் தாங்கிவிடுவது என்று உறுதி பூண்டிருந்தார்.

ஒவ்வொரு நிலையின் இறுதியிலும் அச்செவிலியர் அழுத்தம் அளந்தார். ஓடுகின்ற பட்டையின் இரைச்சலில், ஆடுகின்ற கையில், குழாய் வழியே நாடியொலியைக் கேட்டு அளப்பது எத்துணை அரிது என்பதை நாம் பின்னரே அறிந்தோம். உழைப்பு ஏற ஏற மேலழுத்தம் ஏற வேண்டும். ஏறாது இறங்கினால் இதயம் சளைக்கின்றது என்று பொருள். இரண்டாம் நிலையில் 160 இருந்தது. மூன்றாம் நிலையில் 140 ஆயிற்று. திரையில் கோடுகளும் தாழத் தொடங்கியிருந்தன. ஆனால் அவர் திரையை நோக்கவில்லை. மருத்துவரும் தொழில்நுட்பரும் அதனை நோக்கிக்கொண்டிருந்தனர். அவர் நோக்கியது நம் தோழரின் முகத்தை.

“அண்ணா, தாடையைத் தடவுறீங்களே, வலிக்குதா?”

“இல்லம்மா.”

“வீட்டுல படியேறும்போதும் இப்படித்தான் தடவுவீங்களா?”

அவர் விடை கூறவில்லை. கண்ணீர் வந்துவிட்டது என்று நம்மிடம் பின்னாளில் ஒப்புக்கொண்டார். செவிலியர் கை உயர்த்த, மருத்துவர் பட்டையை நிறுத்தினார். உடனே படுக்க வைத்து, நாவின் கீழ் மாத்திரை இட்டு, அருகிலேயே நின்றனர். பட்டை நின்றபின் வரும் சில நிமிடங்களும் அபாயமுடையனவே; வரைபடம் சில வேளை அப்போதுதான் மாறும். “முடிந்தது, எழுந்து போகலாம்” என்று விரைந்து அனுப்பும் இடங்களை நம்மவர் அஞ்ச வேண்டும். அவரைக் கால் மணி நேரத்திற்கும் மேலாக அங்கேயே வைத்திருந்து, பின் உள்நோயாளராகச் சேர்த்தனர். மூன்று குழாய்களில் அடைப்பு. அறுவை சிகிச்சை நடந்தது. இன்று அவர் அலுவலகப் பணியில் உள்ளார். மைலேஜ் போனது போனதுதான். மகள் திருமணம் சில மாதம் தள்ளி நடந்தது. அவ்வாறு அவர் மறைத்தபடியே ஓடியிருந்தால், ஆயிரம் பயணிகளை இழுத்துக்கொண்டு இரவு வண்டியில் சென்றிருப்பார் என்பதை அவரே நம்மிடம் இருமுறை சொன்னார்.

நம்மவரிடம் உள்ள ஒரு குறையை ஈண்டுச் சொல்ல வேண்டும். நெஞ்சு நோயைக் கூற நம் தமிழில் சொற்கள் மிகுதி. நெஞ்சு கரிக்கிறது, அடைக்கிறது, பிசைகிறது, பாரமாய் இருக்கிறது, படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, கிறுகிறுக்கிறது என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு நிலையைக் குறிக்கும். மருத்துவமனையில் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ வினவியவுடன் இவை அனைத்தும் மறந்து, “கேஸ்” என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறோம். மொழி அறியாத ஊரில் வாழும் தமிழர் பலர்க்கு நேரும் இடர் இது. தமிழறிந்த செவிலியர் ஒருவர் அங்கு இருப்பின், “கரிக்குதா, அடைக்குதா?” என்ற ஒரு வினாவில் உண்மை வெளிப்படும். பெண்கள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தாடையிலும் முதுகிலும் வரும் வலியை அவர்கள் நோயென்றே எண்ணுவதில்லை; அயலார் முன் மேலாடை களைய நாணிச் சோதனையையே தவிர்ப்பாரும் உளர். பெண் செவிலியர் உடனிருந்து திரையிட்டு, தளர்ந்த மேலங்கி அணிவித்து நடத்தினால் அந்நாணம் நீங்கும். புடவை கட்டிக்கொண்டு பட்டையில் ஏறுதல் கூடாது என்பதையும் தாய்மார் அறிக, கால் தடுக்கும்.

இதய மருத்துவத்தில் புலம்பெயர்ந்த தமிழர் பங்கையும் இரண்டு சொல்லில் குறித்துச் செல்வோம். பர்மாவில் 1917இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சி. பத்மாவதி, இரங்கூனில் மருத்துவம் பயின்று, 1942இல் போருக்கு அஞ்சித் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் கோயம்புத்தூர் வந்தடைந்தார். பின்னர் இலண்டனிலும் அமெரிக்காவிலும் பயின்று, 1953இல் தில்லியில் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் சேர்ந்து, இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவராக விளங்கினார். 1962இல் அகில இந்திய இதய நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 103 வயது வரை வாழ்ந்து 2020இல் மறைந்தார். அவர்தம் ஆசிரியருள் ஒருவராகிய பால் டட்லி வைட், 1955இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர்க்கு மாரடைப்பு வந்தபோது சிகிச்சை அளித்து, நடத்தலின் நன்மையை உலகறியப் பேசியவர். நம் இரயில்வேக்கும் ஒரு பெருமை உண்டு. இந்தியாவில் இதயக் குழாய் மாற்றுவழி அறுவை முதன்முதல் வெற்றியுற நடந்தது, 1975இல் சென்னைப் பெரம்பூரில் உள்ள தென்னக இரயில்வே மருத்துவமனையில்தான். அதனைச் செய்த கே. எம். செரியன் 2025இல் நம் பெங்களூரில் இருந்தபோதே காலமானார். நம் நகரிலேயே விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் தோன்றி, பின்னர்ப் பன்னேர்கட்டா சாலையில் பெரிதாய் வளர்ந்த ஜெயதேவா இதய நிறுவனம் ஏழை எளியோர்க்குப் பெருந்துணையாய் நிற்கின்றது. இவர்தம் பெயர்களெல்லாம் கல்வெட்டில் உள்ளன. ஓடுபட்டையருகே நிற்பவர் பெயரை நம் தோழரும் கேட்டு வைக்கவில்லை. மறுமாதம் இனிப்புப் பெட்டியுடன் சென்றபோது அவர் வேறோர் ஊருக்கு வேலை மாறிப் போயிருந்தார். பெட்டியை அங்கிருந்த மற்றொரு செவிலியரிடம் கொடுத்து வந்தார்.

சோதனைக்குச் செல்லும் அன்பர்கள், சிற்றுண்டி முடித்து இரண்டு மூன்று மணி கழிந்தபின் செல்க. அன்று காலை புகைபிடித்தலும் காப்பியும் வேண்டா. உண்ணும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோய்ச் செவிலியரிடம் காட்டுக. முன்தினமோ அன்றோ நெஞ்சில் வலி கண்டிருந்தால், பட்டையில் ஏறுமுன் அதனைச் சொல்லுக.